அழித்த கோப்பு எங்கே போகிறது?



தோட்டத்து ஆபீசில் கிராணியாரின் மேசை மீது ஒரு பெரிய புத்தகம் இருக்கும். அதைச் செக்ரோல் என்பார்கள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்க்கு ஒரு கோடு, வராதவர்க்கு ஒரு வட்டம் என்று குறித்துக்கொள்ளும் புத்தகம் அது. ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் அவர் பெயர் மீது சிவப்பு மையால் ஒரு கோடு விழும். கோடு விழுந்த அந்த நொடியில் அவர் லயத்து வீட்டிலிருந்து மறைந்து போய்விடுவதில்லை. சட்டி பானையும், கோழிக்கூண்டும், சுவரில் மாட்டிய சாமி படமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால், ஆபீசுக் கணக்கில் அந்த வீடு காலி. நாளை வேறொரு குடும்பத்தை அங்கே குடிவைக்கலாம். குடிவைத்த பிறகுதான் பழைய குடும்பம் இருந்த அடையாளம் அழியும்.

கணினியில் ஒரு கோப்பை அழித்தால் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இந்த அழித்தலின் வரலாற்றையும், அழித்ததை மீட்டெடுத்தலின் வரலாற்றையும்தான். தோட்டத்து மக்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிறப்புப் பத்திரம் ஒன்று இல்லாததால் பள்ளிக்கும் வேலைக்கும் வங்கிக்கும் அலைந்து திரிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவதற்கென்றே மைடஃப்தார் என்னும் இயக்கம் நாடெங்கும் நடத்தப்பட்டது. காகிதத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காகிதங்கள் இப்போது படங்களாகக் கைப்பேசியிலும், விரல் நகம் அளவே உள்ள நினைவு அட்டையிலும் குடியேறியிருக்கின்றன. ஒரு விசை தட்டினால் அவை போய்விடும். போனவை எங்கே போகின்றன என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே?

முதலில் சொல்லைப் பார்ப்போம். கோப்பு என்பது ‘கோ’ என்னும் வினையிலிருந்து வந்தது; மணி கோப்பது, பூக் கோப்பது போலக் காகிதத்தைக் கோத்து வைப்பது கோப்பு. ஆங்கிலத்தில் ஃபைல் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லும் நூலைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்றிலிருந்து பிறந்ததுதான். இரு மொழியாரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே நூலில் காகிதத்தைக் கோத்திருக்கிறார்கள். நூலை அறுத்தால் காகிதம் எரிந்து போவதில்லை. எந்தக் காகிதம் எதன் பின் வரும் என்பதுதான் தெரியாமல் போகும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் என்றொரு நிறுவனம். அங்கே 1969ஆம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவரும் அவர்தம் நண்பர்களும் யூனிக்ஸ் என்னும் கணினி அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று உலகின் பெரும்பாலான கைப்பேசிகளும் பெருங்கணினிகளும் அதன் வழிவந்தவை, அல்லது அதன் சாயலில் அமைந்தவை. அந்நாளில் கணினிக்குத் திரையும் இல்லை, சுட்டெலியும் இல்லை. டெலிடைப் என்னும் ஓசைமிகு தட்டச்சுப் பொறியில் ஒரு வரி கட்டளையைத் தட்டினால், பொறி அதே காகிதத்தில் பதிலைத் தட்டித் தரும். நொடிக்குப் பத்து எழுத்துகளே அதன் வேகம். ஆகவே கட்டளைகளுக்கு ஆன மட்டும் குறுகிய பெயர் வைத்தார்கள். நகலெடுக்க ‘சிபி’, இடம் மாற்ற ‘எம்வி’, நீக்குவதற்கு ‘ஆர்எம்’. 1971 நவம்பரில் வெளியான யூனிக்சின் முதல் கையேட்டிலேயே இவை உள்ளன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டெழுத்து ‘ஆர்எம்’ இன்றும் மாறவில்லை.

அந்தக் கட்டளையின் குணம் ஒன்று உண்டு. சொன்னதைச் செய்யும், திருப்பிக் கேட்காது. ‘ஐயா, உண்மையாகவே நீக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை வராது. செய்து முடித்தபின் ‘ஆயிற்று’ என்றுகூடச் சொல்லாது. நன்கு பழகிய வேலைக்காரரை எஜமானர் நம்புவது போல, கட்டளை இடுபவர் தெரிந்தே இடுகிறார் என்று கணினி நம்பிக்கொள்கிறது. இந்த நம்பிக்கையால் நேர்ந்த கேடுகள் பல. ஒன்றைப் பின்னால் சொல்கிறோம்.

‘ஆர்எம்’ உள்ளே என்ன செய்கிறது? யூனிக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய ஏட்டில் கோப்பின் அளவு, உரிமையாளர், வட்டில் எந்தெந்தப் பகுதிகளில் அது கிடக்கிறது என்பன எழுதியிருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அங்கே இராது. பெயர் வேறோர் அடைவில், ‘இந்தப் பெயர், இந்த எண்’ என்று ஒரு வரியாக இருக்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பெயர்களும் இருக்கலாம். லயத்தில் பத்தாம் நம்பர் வீட்டில் அண்ணன் தம்பி இருவர் இருந்தால் செக்ரோலில் இரண்டு பெயர், வீடு ஒன்று. ஒருவர் பெயரை அடித்தாலும் வீடு காலியாவதில்லை, மற்றவர் இருக்கிறார். கடைசிப் பெயரும் போனால்தான் வீடு காலி. ‘ஆர்எம்’ செய்வது பெயரை அடிப்பது மட்டுமே. எந்தப் பெயரும் மீதி இல்லை, எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று ஆனால்தான், அந்த இடம் காலியென்று அமைப்பு குறித்துக்கொள்ளும். அப்பொழுதும் வட்டில் எழுதியது எழுதியபடியே கிடக்கும், வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை.

டாஸ் என்னும் அமைப்பில் இது இன்னும் வேடிக்கை. ஐபிஎம் நிறுவனத்தின் சிறு கணினியோடு 1981இல் வந்தது அது. அங்கே நீக்கும் கட்டளைக்கு ‘டெல்’ என்று பெயர். ‘டெல்’ போட்டால் கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, ‘இது அழிந்தது’ என்பதற்கான ஒரு குறியை அங்கே வைத்துவிடும். கோப்பு கிடந்த இடங்களையும் காலி என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும். கண்ணம்மா ‘ண்ணம்மா’ ஆகிவிட்டாள். ஆள் அப்படியே இருக்கிறாள். இதைக் கண்டுகொண்டவர்களுள் பீட்டர் நார்ட்டன் என்பவர் பெயர் பெற்றவர். நீக்கிய கோப்பைத் திரும்பக் கொணரும் நிரலை அவர் 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிறகு 1991இல் டாஸ் ஐந்தாம் பதிப்பிலேயே ‘அன்டிலீட்’ என்ற மீட்புக் கட்டளையும் சேர்ந்தது. அது பயனரிடம் கேட்கும் முக்கியமான கேள்வி: ‘இந்தப் பெயரின் முதல் எழுத்து என்ன?’ தலையெழுத்தைச் சொன்னால் ஆளைத் தந்துவிடும்!

குப்பைத்தொட்டிப் படம் வந்த கதை சிறியதுதான். 1983இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசாவிலும், மறு ஆண்டு மெக்கின்டாஷிலும், 1995இல் விண்டோசிலும் அது வந்தது. நீக்கியதை உடனே அடித்துவிடாமல் ஒரு தொட்டியில் போட்டு வைப்பது, வேண்டுமானால் எடுத்துக்கொள்வது. கட்டளை வரியில் வேலை செய்பவர்க்கு இந்தத் தொட்டி தானாக இல்லை. ‘ஆர்எம்’ போட்டது தொட்டிக்குப் போவதில்லை. வீட்டில் படம் தட்டிப் பழகிய பிள்ளைகள் கட்டளை வரிக்கு வந்ததும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

இனி, கணினி வருவதற்கு முன்பே இந்த வித்தையை நன்கறிந்திருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நாட்டு வரலாற்றோடு சேர்ந்த செய்தி இது.

1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் மலாயா சுதந்திரம் அடைந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் புறப்படுமுன் தங்கள் அலுவலகக் கோப்புகளைப் பிரித்தார்கள். புதிய அரசுக்கு விட்டுச் செல்லத்தக்கவை ஒருபுறம். லண்டனுக்கு அனுப்ப வேண்டியவை ஒருபுறம். யார் கண்ணிலும் படாமல் அழிக்க வேண்டியவை ஒருபுறம். பத்து ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் ஆவணங்களை எரித்தபோது எழுந்த புகை மண்டலத்தைப் பற்றி அங்குள்ள பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டன. அந்த அனுபவம் அவர்கள் நினைவில் இருந்தது. எனவே கோலாலம்பூரில் எரிக்கவில்லை. ஐந்து லாரிகளில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்று, அங்கிருந்த கடற்படைத் தளத்தின் பெரிய எரியுலையில் போட்டார்கள். ஐந்து லாரிக் காகிதம், நேயர்களே! அவற்றில் நம் தோட்டங்களைப் பற்றி என்னென்ன எழுதியிருந்ததோ, யார் யாரைப் பற்றி உளவுக் குறிப்பு இருந்ததோ, அது அந்த உலைக்குத்தான் தெரியும்.

பின்னர் 1961இல் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் இயன் மேக்லியோட் எல்லாக் குடியேற்ற நாடுகளுக்கும் இதுபற்றி நெறிமுறை அனுப்பினார். பிரிட்டிஷ் அரசுக்குச் சங்கடம் தரக்கூடியவை, உளவு சொன்னவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை புதிய அரசின் கைக்குப் போகலாகாது என்பது அதன் சாரம். அக்காலத்து நெறிமுறைகள் மிக நுணுக்கமானவை. எரித்தால் சாம்பலையும் உடைத்துவிட வேண்டும். கடலில் போட்டால், கனமேற்றிய பெட்டிகளில் அடைத்து, கரையிலிருந்து வெகு தொலைவில், நீரோட்டமில்லாத ஆழத்தில் போட வேண்டும். எல்லாவற்றிலும் நம்மைத் திகைக்க வைப்பது இன்னொன்று. வரிசையில் உள்ள ஒரு கோப்பை எடுத்தால் அந்த இடம் காலியாகத் தெரியுமல்லவா? ஆகவே அதே எண்ணில் ஒரு போலிக் கோப்பைத் தயாரித்து அங்கே செருக வேண்டும் என்றார்கள். பொருளையும் அழிக்க வேண்டும், பெயர்ப்பட்டியலில் அது இருந்த தடத்தையும் அழிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ‘டெல்’ கட்டளையைப் போல முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்தி அடைந்தவர்கள் அல்லர் அவர்கள்.

நம் மலேசிய நாட்டின் ஆவணக் காப்பகம் 1957 டிசம்பர் முதல் நாள்தான் தொடங்கப்பட்டது. 1963இல் ஆர்கிப் நெகாரா என்ற பெயர் பெற்றது. அதாவது, வீட்டுக்குக் காவல் போடுவதற்கு மூன்று மாதம் முன்பே மூட்டைகள் போய்விட்டன.

ஆயினும் அழித்தவர்களே வேறோரிடத்தில் நிறையச் சேர்த்தும் வைத்திருந்தார்கள். லண்டனுக்கு அனுப்பப்பட்ட கோப்புகள் அரை நூற்றாண்டு காலம் வெளிவராமல் கிடந்தன. கென்யாவின் மாவ் மாவ் போராட்டக் காலத்தில் தடுப்பு முகாம்களில் சித்திரவதைக்கு ஆளான முதியவர்கள் 2009இல் பிரிட்டிஷ் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கின் நெருக்கடியில், 2011ஆம் ஆண்டு, ஹான்ஸ்லோப் பார்க் என்னும் அரசு வளாகத்தில் அக்கோப்புகள் இருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. 37 முன்னாள் குடியேற்ற நாடுகளின் சுமார் 8,800 கோப்புகள். மலாயாவும் சிங்கப்பூரும் அவற்றில் அடங்கும். 2012 ஏப்ரலிலிருந்து அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தவணை தவணையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 2013 ஜூனில் பிரிட்டிஷ் அரசு 5,228 கென்யர்களுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. இல்லை என்றிருந்த கோப்பு உயிர்பெற்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதே வகையில் கிள்ளான் மக்களுக்கு உரிய ஒரு கதையும் உண்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்துக் கிளர்ச்சி மூண்டது. சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பித்துப் படையை இறக்கினார்கள். தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் நம் நாட்டு அலுவலகங்களில் அழிந்த காகிதங்களுக்குக் கணக்கில்லை.

அப்படியானால் அந்த வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகள் எப்படி நமக்குத் தெரிகின்றன? சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி, கொடுமைக்காரத் தோட்ட அலுவலர்களை நீக்குதல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் தகாது நடத்தலை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொரு கோரிக்கை: துரையோ மேலாளோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்! கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இந்தச் சைக்கிள் மானத்தையும் வைத்தார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. இவை நம் கைக்கு வந்ததற்குக் காரணம் சிறிதே. சம்பவங்களைப் பற்றி அன்றைய ஆளுநர் ஷென்டன் தாமஸ் லண்டனுக்கு அறிக்கை அனுப்பினார். கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்டும் தம் அரசுக்கு எழுதினார். கிராணியார் கார்பன் தாள் வைத்துத் தட்டும் மூன்று பிரதிகளில் ஒன்று எப்போதும் கடல் கடந்து போகுமல்லவா, அதுபோல. கிள்ளானில் இருந்தது அழிந்தாலும் லண்டனில் இருந்தது அழியவில்லை. நம்மைச் சுட்டவர்களின் அலமாரியிலிருந்துதான் நம் தாத்தாமார் கேட்டதை நாம் எடுத்துப் படிக்க நேர்ந்தது என்பது கசப்பான உண்மைதான். எனினும் ஆய்வாளர்கள் அந்த அலமாரியைத் திறந்து பார்த்தே எழுதினார்கள்.

இந்த இரண்டாம் பிரதியின் மதிப்பை அமெரிக்கக் கணினி நிபுணர்களும் ஒருநாள் வியர்த்து விறுவிறுத்துக் கற்றுக்கொண்டார்கள். முன்பு சொல்வதாகச் சொன்ன கேடு இதுதான். 1998இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி’ கேலிச்சித்திரப் படத்தின் இரண்டாம் பாகத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர், படம் இருந்த அடைவின் உச்சியில் நின்று, உள்ளே இருப்பதை எல்லாம் நீக்கச் சொல்லும் கட்டளையைத் தட்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு பாத்திரத்தின் தொப்பி, பிறகு காலணி, பிறகு பாத்திரமே காணாமல் போயிற்று. ஓடிப்போய் மின்சாரத்தைப் பிடுங்குங்கள் என்று தொலைபேசியில் கத்தினார்களாம். படத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. சேமநகல் நாடாவில் பார்த்தால், அது பல நாட்களாக ஒழுங்காகப் பதியவே இல்லை! அப்போது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் ஒன்றை நினைவுகூர்ந்தார். குழந்தை பெற்றிருந்ததால் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். படத்தின் பிரதி ஒன்று அவர் வீட்டுக் கணினியில் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்கள். படம் 1999இல் வெளியாயிற்று. பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது ஒரு பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக் கணினி என்பதை நம் தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம்.

கட்டளை வரியில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பெரியவர்கள் அவர்களிடம் சில கேள்விகள் கேட்கலாம். ‘நட்சத்திரக் குறி போட்டாயே, அதில் எவையெல்லாம் அடங்கும் என்று முதலில் பார்த்தாயா?’ நட்சத்திரக் குறிக்கு ‘எல்லாம்’ என்று பொருள். ‘எல்எஸ்’ என்னும் பட்டியலிடும் கட்டளைக்கு அதே குறியைக் கொடுத்தால், அழியப்போகிறவை எவை என்று முன்கூட்டியே காட்டிவிடும். பார்த்தபின் ‘ஆர்எம்’ போடலாம். நட்சத்திரத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே தவறி ஓர் இடைவெளி விழுந்தால் போதும், ‘இந்த வகைக் கோப்புகள்’ என்பது ‘எல்லாக் கோப்புகளும்’ என்று மாறிவிடும். ஒரு வெற்றிடம் செய்யும் வேலை அது. ‘ஆர்எம்’மோடு ஆங்கில ‘ஐ’ எழுத்தைச் சேர்த்தால் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நீக்கும். ‘எஃப்’ சேர்த்தால் ஒன்றும் கேட்காது. புதிதாகப் பழகுபவர் அதைத் தொடாதிருப்பது நலம். லினக்ஸ் கணினிகளில் வழங்கும் ‘ஆர்எம்’, கணினியின் வேரடைவையே நீக்கச் சொன்னால் மறுக்கும்படி 2006இல் மாற்றப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த எச்சரிக்கை!

நம் அபிப்பிராயம் கேட்டால், அழிக்கவே வேண்டாம் என்போம். ‘எம்வி’ கட்டளையால் ஓர் ஓரத்து அடைவுக்கு மாற்றி வைத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்து நீக்குவது மேல். ‘டிராஷ்-சிஎல்ஐ’ என்னும் இலவச நிரலை நிறுவிக்கொண்டால் கட்டளை வரிக்கும் குப்பைத்தொட்டி வந்துவிடும்.

தவறி அழித்துவிட்டால்? கையை எடுத்துவிட வேண்டும். அந்த வட்டில், அந்த அட்டையில் அதற்குப் பின் ஒரு படம்கூடப் பிடிக்கக் கூடாது, ஒரு பாட்டுக்கூட ஏற்றக் கூடாது. காலி வீட்டில் புதுக் குடி ஏறிவிடும். மீட்கும் நிரலையும் அதே வட்டில் நிறுவக் கூடாது. மீண்டதையும் அதே இடத்தில் வைக்கக் கூடாது. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இன்றைய எஸ்எஸ்டி வகை வட்டுகள் காலியென்று குறித்த இடத்தைத் தாமே சிறிது நேரத்தில் துடைத்துவிடும் பழக்கம் உடையவை. அவற்றில் மீட்பு பெரும்பாலும் கைகூடாது. நினைவு அட்டையிலும் பழைய சுழல்வட்டிலும் நம்பிக்கை வைக்கலாம்.

வேண்டுமென்றே அடியோடு அழிக்க வேண்டிய வேளையும் வரும். பழைய கணினியை விற்கும்போது, அடையாள அட்டைப் படங்களையும் வங்கித் தாள்களையும் வெறும் ‘ஆர்எம்’ போட்டுவிட்டுக் கொடுத்தால், வாங்கியவர் மீட்டெடுத்துவிடுவார். ‘ஷ்ரெட்’ என்னும் கட்டளை, கோப்பின் மேல் பொருளற்ற எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதிவிடும். சாம்பலையும் உடைக்கச் சொன்ன அதிகாரியைப் போல. அது சுழல்வட்டுக்கு ஏற்றது. இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலானவை உள்ளிருப்பதை மறையெழுத்தில் வைத்திருக்கின்றன. விற்குமுன் முழுமையாக மீட்டமைத்தால் திறவுகோல் அழிந்துவிடும். உள்ளே கிடப்பது யாருக்கும் விளங்காது.

பண்டமாரானில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறி அங்கே குடியேறியவர்கள். வீட்டுப் பெரியவர் 1955இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இன்றும் சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருக்கிறார். குடியுரிமைக்கு மனுச் செய்யப் பிறப்புப் பத்திரம் வேண்டும். ஸ்ரீ மூடாவில் மகள் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த அது, 2021 டிசம்பர் வெள்ளத்தில் கூழாகிவிட்டது. நல்ல வேளையாக, அதற்கு முன்பே பேரன் அதைப் படம் பிடித்து ஒரு நினைவு அட்டையில் வைத்திருந்தான். ஒருநாள் அந்தப் பேரனே கணினியில் அட்டையைச் செருகி, வேண்டாத கோப்புகளை நீக்குகிறேன் என்று நட்சத்திரத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுவிட்டான். தெரியாமல் ஒரு கல்யாண வீடியோவையும் அதிலேயே ஏற்றிவிட்டான். மறுநாள்தான் தாத்தா பத்திரத்தைக் கேட்டார்.

நாம் சென்றிருந்தபோது பையன் முகத்தில் இரத்தமில்லை. ஃபோட்டோரெக் என்னும் இலவச நிரல் ஒன்று உண்டு. கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. கட்டளை வரித் திரையிலேயே ஓடுவது. அது பெயர்ப்பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்குமிடத்தில் ஒரு முத்திரை இருக்கும். அந்த முத்திரையைத் தேடி அட்டை முழுவதையும் தடவிச் செல்லும். முதலில் அட்டையை அப்படியே வேறு வட்டில் நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலின் மேல் அதை ஓட விட்டோம். சில நூறு படங்கள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை; எல்லாம் எண்கள். வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து, இது பெரியம்மா சடங்கு, இது தோட்டத்துத் திருவிழா, இது இன்னார் என்று யார் எவரென்று சொல்லச் சொல்லப் பேரன் ஒவ்வொன்றாகப் பெயர் தட்டினான். இரண்டு சாயங்காலம் பிடித்தது.

பத்திரம் இரண்டாம் நாள் வந்தது. மேல் பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டை. அங்கே கல்யாண வீடியோ குடியேறிவிட்டது. தகப்பனார் பெயர் இருந்த வரி போயிற்று. தோட்டத்தின் பெயரும், பிறந்த தேதியும், எல்லாவற்றுக்கும் மேலே பதிவு எண்ணும் தப்பியிருந்தன. அந்த எண் இருந்தால் பதிவிலாகாவின் ஏட்டில் தேடிப் பிறப்புப் பதிவின் சாற்றுப்படி கேட்கலாம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைத் தம் கையாலேயே ஒரு காகிதத்தில் எழுதினார். மற்றொரு காகிதத்திலும் எழுதி மருமகளிடம் கொடுத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிள்ளானுக்குப் புறப்பட்டார்.